முருகனுக்குப் பின்னால் இருந்த அபாச்சேக்காரர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த ற எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டு நிற்பேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கோயில் மலருக்கு எல்லாரும் தங்கள் சின்ன வயதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னபோது, நான் பின்வரிசையில் இருந்து தலையை மட்டும் ஆட்டினேன். நீங்கள் எல்லாரும் ஊரைப் பற்றி எழுதுவீர்கள் என்று தெரியும். எனக்கும் ஊர் இருந்தது. ஆனால் என் மனதில் கிடந்து அரிப்பது ஊர் இல்லை, சுவிசில் இதே பேர்ண் நகரம்தான்.

உங்களுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் அகதியாக வந்து முதன்முதலாக இந்த நாட்டைக் கண்டீர்கள். நான் அப்போது கண்டது இரண்டாம் தரம். பத்து வயதில் ஒரு வருடம் இங்கே இருந்திருக்கிறேன். கேட்டால் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன மாதம் பழைய சாமான் கடைக்கு என்னோடு வந்தவருக்கு ஞாபகம் இருக்கும். இட்டலிப் பானைக்கு மூடி தேடிப் போனோம். ஒரு மூலையில் பழைய படங்களைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். முன்னுக்கு நின்ற படத்தைக் கண்டதும் நான் மூடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன். "என்னக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு, சீனி இறங்கிட்டுதோ?" என்று கேட்டு நீங்கள் ஒரு பழச்சாறு வாங்கித் தந்தீர்கள். சீனி இறங்கவில்லை. பாறைக்குப் பின்னால் துவக்கால் குறிபார்த்துக்கொண்டு மறைந்து நின்ற ஆட்களின் படம் அது. அதே படமா, அதைப் போல ஒன்றா என்று நின்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

எனக்கு அப்பா இல்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காதான் பெரியம்மா. பெரியப்பா கொழும்பில் அரசாங்க உத்தியோகம். அவரை ஒரு பயிற்சிக்காகப் பேர்ணுக்கு அனுப்பினார்கள். பெரியம்மாவின் கையில் அப்போது ஆறு மாதப் பிள்ளை. தம்பியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் அது வழமைதானே. இல்லாத வீட்டுப் பிள்ளையை இருக்கிற வீட்டில் விடுவது. வேலைக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொந்தக்காரப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். எனக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். அம்மா என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பெரியம்மா சொல்லிறதைக் கேட்டு நட. திருப்பி அனுப்பிற மாதிரி வைச்சிடாதை பிள்ளை."

அந்தச் சொல் ஒரு வருடமும் என் வயிற்றுக்குள் கல்லு மாதிரிக் கிடந்தது.

நாங்கள் இருந்தது ஒரு மூன்று தட்டு வீடு. கீழே வீட்டுக்காரர். மனைவி செத்துப்போன கிழவர், ரயிலில் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். நடுத்தட்டில் நாங்கள். மேலே கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை, பக்கத்தில் உடுப்புக் காயப்போடுகிற இடம். அந்த அறையில் ஒரு இத்தாலிக்காரப் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் கட்டட வேலை. அவ ஒரு ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற வேலை, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் படிகளையும் கழுவுவா.

எங்களுக்குத் தந்த தட்டில் கட்டில், மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் வீட்டுக்காரருடையது. சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு. அதற்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம். சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததாம். பெரியம்மா முதல்நாளே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, அப்ப முருகனை நான் எங்கை வைக்கிறது? அலுமாரிக்குள்ளையோ?"

"இருக்கிற ஆணியிலை வையுமன்."

"அந்த ஆணியிலை இந்தக் கொலைகாரர் எல்லோ தொங்கிறாங்கள். ஆர் இவங்கள்?"

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் அடியில் இருந்த எழுத்தை வாசித்தார். அவர் எதையும் பாதியில் விடமாட்டார், முழுதாக வாசித்துத்தான் சொல்லுவார். "இது அபாச்சே எண்ட சனம். அமெரிக்காவிலை. அரசாங்கம் ஒரு இடத்தைக் கீறி, இதுக்குள்ளைதான் இருக்கவேணும், வந்து தலையை எண்ணக் குடுக்கவேணும் எண்டு சொன்னதாம். இவை மாட்டம் எண்டு மலைக்கு ஏறிட்டினம். பிடிக்கப் பட்டாளம் வந்திருக்கு."

"அரசாங்கத்தோடை கொழுவினவையோ? அப்ப கட்டாயம் பின்னுக்குத்தான் இருக்கோணும். நீங்கள் அரசாங்க உத்தியோகத்தர்."

முருகன் வள்ளி தெய்வானையோடு சூட்கேசுக்குள் சுருட்டித்தான் வந்திருந்தார். கண்ணாடி உடையும் என்று ஊரிலேயே சட்டத்தைக் கழற்றிவிட்டார்கள். பெரியம்மா கத்தி நுனியால் அந்தப் படச்சட்டத்தின் பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை நெம்பினார். அபாச்சேக்காரருக்கு முன்னால் முருகனை வைத்துத் திரும்ப மூடினார். அளவும் ஏறக்குறையச் சரி. கீழே ஒரு குட்டி மேசையைப் போட்டு விளக்கும் வைத்தாயிற்று. அன்றிலிருந்து நாங்கள் காலையும் மாலையும் கும்பிட்டது முருகனைத்தான். ஆனால் அவருக்குப் பின்னால் துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள் என்பது தேவாரம் பாடும்போது எனக்கு மறக்கவே மறக்காது.

வீட்டுக்காரர் சனிக்கிழமை பத்து மணிக்கு மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க ஏறி வருவார். அதை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவர் வரமுன் படங்களை மாற்றுவது என் வேலை. ஆணியை நெம்பி, முருகனைப் பின்னுக்கு வைத்து, அபாச்சேக்காரரை முன்னுக்கு எடுத்துக் கொழுவ வேண்டும். விளக்கு குசினிக்குப் போய்விடும். அவர் இறங்கிப் போனதும் திரும்ப மாற்ற வேண்டும். முருகனைப் பின்னுக்கு விடுவது பாவம் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நிண்டால் அவர் கோவிக்கமாட்டார். கிழவன் கோவிச்சால் தெருவிலைதான் நிக்கோணும்" என்றார் பெரியம்மா.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன். கையால் கீறி அச்சடித்து நிறம் பூசிய படம். செம்மண் நிறப் பாறைகள். எட்டுப் பேர். தலைமயிர் தோள்வரை, நெற்றியில் ஒரு துணி கட்டியிருப்பார்கள். கீழே பள்ளத்தில் நீலச் சட்டைப் பட்டாளம். ஒரு குதிரை விழுந்து காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். நான் அதிகம் பார்த்தது அவர்களை இல்லை. வலப்பக்க மூலையில், பாறைக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. அவளுடைய கை பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின் கண் மட்டும் தெரியும், அது நேரே எங்களைப் பார்க்கும்.

என்னை இங்கே பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. ஒரு வருடத்துக்கு என்னத்துக்கு, ஊருக்குப் போய்ப் படிக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவால் பிள்ளைகள் முதுகில் பெட்டி போன்ற தோல் பையோடு போவார்கள். "பள்ளிக்கூட நேரத்திலை சன்னலடியிலை நில்லாதை, ஆரும் கண்டால் கேள்வி கேப்பாங்கள்" என்று பெரியம்மா சொல்லியிருந்தார். அதனால் நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

பகலில் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. மணிக்கூடும் தம்பியும்தான். ஆனால் சில வேளை மேலே பலகை ஒன்று நெரியும். இத்தாலிக்காரர் இரண்டு பேரும் வேலைக்குப் போன நேரம். பெரியம்மாவிடம் சொன்னேன். "எலி" என்றார். எலி அவ்வளவு பாரமாக நடக்காது என்று நினைத்தேன், சொல்லவில்லை.

இந்த நாட்டில் தோய்க்கிறதுக்கும் முறை உண்டு என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் அப்படித்தான். எங்கள் முறை வருகிற நாள் நான் ஈர உடுப்புக் கூடையோடு கூரைத்தட்டுக்கு ஏறுவேன். ஒருநாள் விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளிப்பை எடுக்கக் குனிந்தால், பெட்டியில் இருந்த மரக்கிளிப்புகள் பாதிக்கு மேல் இல்லை. சுற்றிப் பார்த்தேன். அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கண்.

என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும் அவளுக்கு. கட்டையாக வெட்டிய தலைமயிர், பெரிய ஆளின் கம்பளிக் காலுறை. கிளிப்புகளுக்குத் துணித்துண்டு சுற்றி ஒரு குடும்பத்தையே நிலத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் சத்தம் வரவில்லை. வாயை அகலத் திறந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். ஒரு சின்னச் சத்தமும் வராது. அப்படிச் சிரிக்கப் பழக்கியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருந்ததும், கொண்டுவந்தவர்கள் இப்படித்தான் ஒளித்து வளர்த்தார்கள் என்பதும் எனக்குக் கன காலத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது விளங்கியது ஒன்றுதான். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நானும் வைத்தேன். அது சத்தியம் செய்கிற மாதிரித்தான்.

அவளுடைய பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் அதைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

பெரியம்மா வியாழக்கிழமை பின்னேரங்களில் ஜெர்மன் வகுப்புக்குப் போவார். அவர் வாசல் படலையைக் கடந்ததும் நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அதன் பிடியால் கூரைப் பலகையில் மூன்று தரம் தட்டுவேன். மேலேயிருந்து மூன்று தரம் தட்டுக் கேட்கும். பிறகு காலுறையோடு பூனை மாதிரிப் படியால் இறங்கி வருவாள். எங்களுக்குப் பொதுவாக ஒரு பாசையும் இல்லை. இருந்தாலும் கதைக்க ஏலாதே. தம்பியை நடுவில் இருத்திவிட்டு மேசைக்குக் கீழே போர்வையைத் தொங்கவிட்டுக் குகை செய்வோம். கிளிப்புக் குடும்பம் எங்களோடு குடியேறும்.

ஒருநாள் சட்டத்தைக் கழற்றி அவளுக்கு அபாச்சேக்காரரைக் காட்டினேன். அவள் எட்டுப் பேரையும் விரலால் எண்ணினாள். மூலையைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையைத் தொட்டாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். அதற்குப் பிறகு வருகிற வியாழன் எல்லாம் முதலில் அந்தப் படத்தைத்தான் கேட்பாள்.

இனி எழுதப் போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அது பனி கரைந்துகொண்டிருந்த காலம். வியாழக்கிழமை. முருகனைக் கட்டிலில் கிடத்திவிட்டு அபாச்சேப் படத்தை நிலத்தில் விரித்து வைத்திருந்தோம். அவள் விளக்கைக் காட்டி இது என்ன என்பது போலக் கையை விரித்தாள். எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. நான் ஒருவருக்குக் காட்டிக் கொடுக்க அதுதானே என்னிடம் இருந்தது. தட்டில் இரண்டு கட்டி கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். அபாச்சேக்காரருக்குப் பூசை. ஐயர் மாதிரி இடக்கையால் மணி ஆட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு தட்டைச் சுற்றினேன். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அதைக் கண்டு நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். எரிகிற கட்டி ஒன்று வழுக்கிப் படத்தில் விழுந்தது.

நான் எழும்பிப் பின்னால் போய்விட்டேன். தம்பியைக்கூடத் தூக்கவில்லை. அவள்தான் பாய்ந்து உள்ளங்கையால் அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவதில் நெருப்பு நின்றது. கையை மடித்து வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்தாள். வாய் திறந்திருந்தது. முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிந்தது. சத்தம் வரவில்லை. அப்போதும் வரவில்லை.

பட்டாளம் நின்ற பக்கம், அடியில் எழுத்தோடு சேர்த்து, இரண்டு விரல் அளவுக்கு ஓட்டை. ஓரம் எல்லாம் கறுப்பு. நான் அவளுடைய கையைத் தண்ணீரில் பிடித்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் மேலே போனதும் படத்தைச் சட்டத்தில் வைத்து முருகனை முன்னுக்கு வைத்து மூடினேன். சன்னலைத் திறந்துவிட்டேன். பெரியம்மா வந்து, "இண்டைக்கு வேளைக்கே விளக்குக் கொளுத்திட்டியோ, நல்ல பிள்ளை" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க முருகனைக் கும்பிட்டேன். நாளைக்குக் கிழவருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று கும்பிட்டேன்.

சனிக்கிழமை நான் படத்தைத் தொடாமல் தம்பிக்குச் சோறு தீத்துகிற சாட்டில் குசினிக்குள் நின்றேன். "எடி, படம் இன்னும் மாத்தேல்லையோ?" என்று பெரியம்மா கத்தியை எடுத்துக்கொண்டு தானே கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இரண்டு சோடி. அன்றைக்கு வீட்டுக்காரரோடு அவருடைய மகளும் வந்திருந்தார். மகள் வேறு ஊரில் இருந்தார், எப்போதாவது வந்து வீடு வாசலைப் பார்த்துவிட்டுப் போவார். மூடி வைக்க நேரம் இல்லை. பெரியப்பா கதவைத் திறந்தபோது, மேசையில் ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் எரிந்த அபாச்சேக்காரர்.

கிழவர் முதலில் முருகனைத்தான் எடுத்துப் பார்த்தார். மயிலைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் சொன்னதைப் பெரியப்பா பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். நல்ல வடிவான படம், ஏன் என்னைக் கேட்கவில்லை, இன்னொரு ஆணி அடித்துத் தந்திருப்பேனே என்றாராம். நாங்கள் எட்டு மாதமாகப் பயந்து ஒளித்தது அவ்வளவுக்குத்தான்.

ஆனால் மகள் முருகனைப் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்தார். இது மரவீடு, நெருப்பு விளையாட்டோ என்று குரலை உயர்த்தினார்.

"ஆர் கொளுத்தினது எண்டு கேக்கிறா" என்றார் பெரியப்பா.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீயோடி?"

திருப்பி அனுப்பிற மாதிரி வைச்சிடாதை என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, ஒருவரையும் பார்க்கவில்லை. மேலே கையைக் காட்டினேன்.

"நானில்லைப் பெரியம்மா. மேலை இருக்கிற பிள்ளை."

"மேலை ஏதடி பிள்ளை?"

பெரியப்பா நேர்மையான மனிசன். ஒரு சொல்லும் விடாமல் அதையும் ஜெர்மனில் சொன்னார். அந்த ஒரு தரமாவது அவர் பாதியை விட்டிருக்கலாம்.

மகள் தகப்பனைப் பார்த்தார். கிழவர் மணிக்கூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "மேலே பிள்ளை இல்லை" என்றார். கைன் கிண்ட். அந்தச் சொல் எனக்கு விளங்கும், தம்பியை எல்லாரும் கிண்ட் என்றுதான் கொஞ்சுவார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்வதாக நினைத்தேன். அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் இவ்வளவு காலமும் தெரியாத மாதிரி இருந்தார், அன்றைக்கு அந்தத் தலையாட்டலால் என்னைக் கெஞ்சினார் என்பது இப்போது, இந்தக் கிழட்டு வயதில்தான் எனக்கு விளங்குகிறது.

"பொய் சொல்லாதை பிள்ளை" என்றார் பெரியப்பா. "பொய் சொல்லிற பிள்ளையை நான் வைச்சிருக்கேலாது. அடுத்த பிளேனிலை ஏத்தி விட்டிடுவன்."

நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. கதவு மூலையில் இருந்த தும்புத்தடியை எடுத்தேன். கதிரையில் ஏறினேன். கூரைப் பலகையில் மூன்று தரம் தட்டினேன்.

எல்லாரும் கூரைப் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான்.

பிறகு மேலேயிருந்து தட்டினாள். மூன்று தரம். கொஞ்சம் பலமில்லாமல். மற்றக் கையால் தட்டியிருப்பாள்.

அவளுடைய அம்மா அந்த நேரம் எங்கள் வாசலில் படி கழுவிக்கொண்டிருந்தா. வாளியைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தா, தும்புத்தடியோடு கதிரையில் நின்ற என்னை. திட்டவில்லை. வாளியை நிலத்தில் மெதுவாக வைத்தா, சத்தம் போடக் கூடாது என்பது போல. வீட்டுக்காரரின் மகள் அவவைத் தாண்டி மேலே ஏறினார்.

பிள்ளையை எங்கள் தட்டுக்குத்தான் கூட்டிவந்தார்கள். கையில் பழந்துணி சுற்றியிருந்தது. மகள் துணியை அவிழ்த்து உள்ளங்கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அதோடு அவருக்குப் போதும். நெருப்போடு விளையாடிய கை அதுதானே. அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நான் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம் என்கிறாள். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. நான் அப்போதும் வாயைத் திறந்து, கொளுத்தினது நான் என்று சொல்லவில்லை.

அவர்கள் போனபின் பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். "நல்ல காலம் பிள்ளை வாயைத் திறந்தது. இல்லாட்டில் எங்கடை தலையிலை எல்லோ விழுந்திருக்கும். கெட்டிக்காரி." அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த சொக்லேட்டில் பாதியை உடைத்துத் தந்தார். நான் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கசந்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கசக்கவில்லை.

சட்டத்தையும் எரிந்த படத்தையும் மகள் அன்றைக்கே கொண்டுபோய்விட்டார். கிழவர் அடுத்த கிழமை ஏறி வந்து, சொன்னபடியே ஒரு புது ஆணி அடித்துத் தந்துவிட்டு, மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போனார். வழமையாக எனக்குக் கண்ணைச் சிமிட்டுவார். அன்றைக்கு என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை மேலேயிருந்து சூட்கேஸ் இழுபடுகிற சத்தம். பொலிஸ் தொப்பி போட்ட இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். அவளும் தாயும் ஊருக்குப் போகவேண்டும், தகப்பன் வேலை முடியுமட்டும் இருக்கலாம் என்று பெரியப்பா சொல்லிக் கேள்விப்பட்டேன். அவள் படியால் இறங்கியபோது சப்பாத்துப் போட்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுடைய காற்சத்தத்தை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். டக், டக் என்று வந்து எங்கள் வாசலில் நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் அவன் வாயைப் பொத்தினேன். சத்தம் திரும்பவும் டக், டக் என்று இறங்கிப் போனது.

எங்கள் வருடமும் முடிந்தது. ஊருக்குப் போனேன். ஒரு வருடம் விட்டுப்போயிற்று, இனி என்னத்துக்கு என்று பள்ளிக்கூடத்திலும் திரும்பச் சேர்க்கவில்லை. பெரியம்மா சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என்னைப் புகழுவார். "இவள் சின்னனிலையே வலு நேர்மை" என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்வார். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவேன்.

பிறகு எல்லாருக்கும் வந்த காலம் எனக்கும் வந்தது. வீட்டை விட்டு, புருசனோடு, கைப்பையோடு இங்கே வந்து இறங்கினேன். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "இதுக்கு முதல் சுவிசுக்கு வந்திருக்கிறீங்களோ அம்மா?" இல்லை என்றேன். அது என் இரண்டாவது பொய். எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஐந்து வருடம் பயந்து பயந்துதான் கடிதப்பெட்டியைத் திறந்தேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் நீங்கள் பயந்தபோது உங்களுக்கு உங்கள் பயம் மட்டும்தான். எனக்கு, இது எனக்கு வரத்தான் வேண்டும் என்றும் இருந்தது. வரவில்லை. இருக்க விட்டார்கள்.

இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலத்தில் என்னோடு இத்தாலிக்காரப் பெண்கள் கன பேர் இருந்தார்கள். கையுறையைக் கழற்றும்போது அவர்களின் உள்ளங்கையைப் பார்ப்பேன். "என்ன, சாத்திரம் பார்க்கப் போறியோ?" என்று ஒருத்தி பகிடி பண்ணுவாள். ஓம் என்று சொல்லிச் சிரிப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். தொப்பி போட்ட அந்த ஆட்கள் வேறொரு நாளும் எங்கள் படலையில் நின்று அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் இருந்த பேர்களை வாசித்ததைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் பார்த்திருக்கிறேன். அது அந்தச் சனிக்கிழமைக்கு முன்னமா பின்னமா என்பதுதான் தெரியாது. முன்னம் என்றால் அவர்களுக்கு வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கன வருடமாக நான் அதை முன்னம் என்றே வைத்துக்கொண்டு நித்திரை கொண்டேன்.

மலரில் போடமுன் யாராவது இதைத் திருத்திப் பாருங்கள். அபாச்சே என்பதைச் சரியாக எழுதினேனா, அவர்கள் தலையில் கட்டுவது சிவப்புத் துணியா வேறு நிறமா என்று உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்களில் ஒருவரின் மகள் நகரசபைக் கந்தோரில் இருக்கிறாள், பழைய கடுதாசிகளைப் பார்க்கலாம் என்கிறாள். பார்க்கட்டும். ஆனால் அந்த ஆட்கள் முதலில் எந்த நாள் வந்தார்கள் என்று பார்க்க வேண்டாம். எந்த நாளாக இருந்தாலும் தட்டியது நான்தான், அவள் திருப்பித் தட்டியது என்னை நம்பித்தான்.

ஒன்றை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். மூன்று தரம் தட்டுவோம் என்று எழுதியிருக்கிறேன். சில வேளை நாலு தரமாகவும் இருக்கலாம், இப்போது எனக்கு நிச்சயம் இல்லை. அது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒருத்திதான். அவள் எங்கேயாவது உயிரோடு இருந்தால், கண்டுபிடித்து, கேட்டு, பிழை என்றால் திருத்தி விடுங்கள்.